சுங்கை சிப்புட் பெற்றோர் வட்டம்: மீத்திறன் பிள்ளைகளுக்காக எட்டு சனிக்கிழமைகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவீதியில், ஒரு மளிகைக் கடையின் மாடியில், சனிக்கிழமை மாலை 4.30 முதல் 6 மணி வரை மீத்திறன் (வயதுக்கு மீறிய அறிவாற்றல்) பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஒரு கலந்துரையாடல் வட்டம் நடக்கிறது. மொத்தம் எட்டு வாரம். குடும்பத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் வாரம் 15 வெள்ளியாகக் கொடுக்கலாம். பிள்ளைக்குச் சோதனை வைப்பதில்லை, டியூஷன் இல்லை, சான்றிதழும் இல்லை. பிறகு எதற்கு அங்கே போக வேண்டும் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: போகலாம். கணவனும் மனைவியுமாகப் போனால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஆனால் பிள்ளை சோறு தண்ணீர் இல்லாமல், தூக்கம் கெட்டு, “செத்துப் போனா நல்லாருக்கும்” என்று பேசும் நிலைக்கு வந்துவிட்டால் இந்த வட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே 15999 (தாலியான் காசே உதவி எண்) அல்லது 15555 (மனநல உதவி எண்) எண்ணை அழையுங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்து, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். இதை வட்டத்தை நடத்துபவர்களே முதல் நாளில் சொல்லிவிடுகிறார்கள் என்பது அவர்கள் மேல் நம்பிக்கை வரக் காரணங்களில் ஒன்று.

இந்த வட்டத்தின் அமைப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. மீத்திறன் கொண்ட ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, உளவியலாளர் ஜேம்ஸ் வெப் 1981இல் ஒஹாயோ மாநிலத்தில், மீத்திறன் உள்ளவர்களின் உணர்ச்சித் தேவைகளுக்காக ‘செங்’ (SENG) என்ற அமைப்பைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற இருவர் நடத்த, சிறு எண்ணிக்கையிலான பெற்றோர் எட்டு முதல் பத்து வாரம் கூடிப் பேசுவது அவர்களுடைய முறை. மளிகைக் கடை மாடியில் நடப்பது அதன் கிளை இல்லை. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சையும் பயிற்சியையும் தமிழில் புதிதாக அமைத்திருக்கிறார்கள். நடத்துபவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இன்னொருவர் பதிவுபெற்ற கவுன்சலர். இந்நாட்டில் 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவும் தொழில் நடத்தும் சான்றும் இல்லாமல் யாரும் தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே அந்தச் சான்றைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வேறு எங்கே போனாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

எட்டு வாரங்களில் மிகச் சிறந்தது முதல் வாரம். அன்றைக்குக் கையில் ஒரு தாள் தருகிறார்கள். நான்கு கட்டங்கள்: உடல் வயது, வகுப்பு வயது, அறிவு வயது, மன வயது. உதாரணத்துக்கு, இரண்டாம் ஆண்டு படிக்கும் 8 வயதுப் பிள்ளை. வாசிப்பில் 13 வயது, கணக்கில் 12, கையெழுத்தில் 6, கேரம் ஆட்டத்தில் தோற்கும்போது 4. ஒரே பிள்ளைக்குள் இத்தனை வயது. 1991இல் கொலம்பஸ் குழு என்று அறியப்பட்ட அறிஞர்கள் மீத்திறனை வரையறுத்தது இப்படித்தான். அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது மதிப்பெண் அல்ல, ஒத்து வளராத வளர்ச்சி. அறிவு எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் இடைவெளியும் பெரிது. மரணத்தைப் பற்றி 13 வயதுக்காரர் மாதிரி யோசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பயத்தைத் தாங்க 4 வயது நெஞ்சுதான் இருக்கிறது.

தாளை நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. ஒரு வாரம் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் போட்டு மூன்று நிகழ்ச்சிகள் எழுத வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அறிவு வயதுக் கட்டத்தில் தேர்வு மதிப்பெண்ணை எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆசிரியை அதை அடித்துவிட்டு, “பிள்ளை கேட்ட கேள்விய எழுதுங்கம்மா, வாங்குன மார்க்க இல்ல” என்கிறார். சரியான திருத்தம். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை போடுகிறார்கள். கையெழுத்து கோணலாக இருப்பதாலும், ஒரே மாதிரிக் கணக்கை இருபது தடவை போட மறுப்பதாலும் 3இல் நிற்கும் மீத்திறன் பிள்ளைகள் உண்டு. எல்லாவற்றிலும் 6 வாங்கும் பிள்ளை கடும் உழைப்பாளியாக மட்டும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு.

நிரப்பிய தாள் வீட்டில் உடனே வேலைக்கு ஆகிறது. “இவ்ளோ பெரிய புத்தகம் படிக்கிற, இதுக்குப் போய் அழுவியா?” என்ற வாக்கியம்தான் இந்தப் பிள்ளைகள் அதிகம் கேட்கும் வாக்கியம். தாள் கண் முன்னே இருந்தால் அது வாயிலிருந்து வராது. அழுவது நான்கு வயது என்று தெரிந்துவிடும். நான்கு வயதை எப்படித் தேற்றுவது என்று எல்லா அம்மாவுக்கும் தெரியும்.

இரண்டாம் வாரம் போலந்து மனநல மருத்துவர் டப்ராவ்ஸ்கியின் ஐந்து மிகைத் தூண்டல்கள், அதாவது எதையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக உணரும் ஐந்து வகைகள்: உடல் துடிப்பு, புலன், அறிவு, கற்பனை, உணர்ச்சி. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. இது பிள்ளையைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு கண்ணாடி, நோய் கண்டறியும் கருவி இல்லை. ஆய்வு முடிவுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஓரிடத்தில் உட்காராத எல்லாப் பிள்ளையும் மீத்திறன் பிள்ளை ஆகிவிடாது. இந்த எச்சரிக்கையைக் கவுன்சலர் சொல்கிறார், ஆனால் போகிற போக்கில். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கவனக்குறைவோ எழுத்துக்கூட்டலில் சிக்கலோ மீத்திறனோடு சேர்ந்தே இருக்கலாம். அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும்: பிள்ளை மூளையால் சமாளிப்பதால் குறை தெரியாது, குறையால் மூளையும் தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த வட்டத்தில் கிடைப்பது குறைவு. பத்து நிமிடம்கூட அதற்கு ஒதுக்கப்படவில்லை.

புலன் பற்றிய பகுதி மட்டும் நன்றாக இருக்கிறது, காரணம் அது ஊரோடு ஒட்டியிருக்கிறது. திருவிழாவில் உருமி மேளம் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை என்ன செய்வது? முதல் நாளே மேளச் சத்தத்தைக் கைப்பேசியில் மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள். கோயிலில் கூட்டத்தின் ஓரத்தில், வாசலைப் பார்த்து நில்லுங்கள். பத்து நிமிடம் என்று பேசிவைத்து, பத்தாவது நிமிடத்தில் சொன்னபடி வெளியே கூட்டிப் போங்கள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்று இழுத்தால் அடுத்த வருடம் பிள்ளை கோயிலுக்கே வராது. சட்டைக் கழுத்தில் குத்தும் துணிச்சீட்டை வெட்டுவது, பள்ளிச் சீருடையை இரண்டு தடவை துவைத்தபின் உடுத்துவது போன்ற சின்னச் சின்ன வேலைகளையும் சொல்லித் தருகிறார்கள்.

மூன்றாம் வாரம், ஆர்வம் செத்துப்போன பிள்ளைகள். ராமானுஜனைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. இங்கே பேசும் விதம் வேறு. கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததையும், 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போனதையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பதினேழு வயதுப் பையனிடம் அன்றைக்கு யார் என்ன பேசியிருக்க வேண்டும் என்று பெற்றோரையே கேட்கிறார்கள். அறை அமைதியாகிவிடுகிறது.

நான்காம் வாரம் கோபமும் அழுகையும். நாம் வேறெங்கும் பார்க்காத ஒரு பொருளைத் தருகிறார்கள்: எட்டு அட்டைகள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் கீழே இன்றைய பேச்சில் நான்கைந்து சொற்கள். இளிவரல் அட்டையில் அவமானம், சிறுமை, கூச்சம், “என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க”. மருட்கை அட்டையில் வியப்பு, மலைப்பு, புதியதைக் கண்ட திகைப்பு. மீத்திறன் பிள்ளையின் கோபத்தைக் கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது பெரும்பாலும் இளிவரல்தான். வகுப்பில் விடை சொல்லிச் சொல்லிக் கேலிக்கு ஆளானது, பெரிய சொல் பேசி “ரொம்பத்தான்” என்று பெயர் வாங்கியது. அந்தச் சொல் பிள்ளையின் கையில் இருந்தால் அது மேசையை உதைக்க வேண்டிய தேவை குறைகிறது.

பயன்படுத்தும் முறை: அழும்போது அட்டையைக் காட்டக் கூடாது. பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள். மூச்சு சீராகும்வரை விடுங்கள், இருபது நிமிடம்கூட ஆகலாம். தண்ணீர் கொடுங்கள். பிறகு எட்டையும் பரப்பி வைத்து, பிள்ளையே எடுக்கட்டும். ஒன்றுக்கு மேலும் எடுக்கலாம், பெருமிதமும் அச்சமும் சேர்ந்தே வரும். நீங்கள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: “ஓ, இதுவும் இருந்துச்சா.” ஏன், எதற்கு, யார் என்று அப்போது கேட்காதீர்கள். கேட்டால் அட்டை விசாரணைக் கருவியாகிவிடும், மூன்றாவது தடவை பிள்ளை தொடாது. அட்டை வேலை செய்யவில்லை என்று வந்து சொல்லும் பெற்றோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். அட்டைகள் சாதாரணத் தாளில் அச்சடித்தவை, ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். போட்டோஸ்டாட் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் வாரம் பாராட்டு. தோட்டத்து மண்ணில் வளர்ந்த குடும்பங்களுக்கு இது கசப்பான வாரம், அவசியமான வாரமும்கூட. பால்மரமும் செம்பனையும் மட்டுமே தெரிந்த மூன்று தலைமுறைக்குப் பின் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வந்தால், அது வீட்டுப் பிள்ளையாக இருப்பதில்லை, ஊர்ப் பிள்ளை ஆகிவிடுகிறது. “நீ டாக்டராயி நம்ம லயத்துக்கே பேர் வாங்கித் தரணும்” என்று கல்யாண வீட்டில் பெரியப்பா சொல்கிறார். அவர் சொல்வது அன்பு. பிள்ளைக்குக் கேட்பது: தோற்றால் நான் இவர்கள் எல்லாரையும் தோற்கடிக்கிறேன். 1998இல் உளவியலாளர்கள் மியூலர், டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பின் விடாமுயற்சியும் மகிழ்ச்சியும் குறைந்து, முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். வட்டத்தில் இதை விளக்கிவிட்டு, பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நடித்தே பார்க்கிறார்கள். பெரியவரை மறுத்துப் பேசாமல், பிள்ளையின் தோளில் கை வைத்து, “இப்போ பம்பரம் விடக் கத்துக்கிறான் பெரியப்பா, சுத்தவே மாட்டேங்குது, விடாம பண்றான்” என்று பேச்சைத் திருப்புவது. மரியாதையும் கெடவில்லை, பிள்ளையும் காப்பாற்றப்பட்டது.

பம்பரம் சும்மா வந்ததில்லை, அந்த வாரத்து வீட்டுப்பாடம் அது. பிள்ளைக்குக் கண்டிப்பாக வராத ஒன்றை நாளுக்கு 10 நிமிடம், மூன்று வாரம் செய்ய வேண்டும். பம்பரம், புள்ளிக் கோலம், ரொட்டிச் சானாய் மாவு வீசுவது, எதுவானாலும் சரி. விதிகள் மூன்று. பெற்றோரும் கூடவே செய்து, கூடவே தோற்க வேண்டும். யாரும் யாரையும் திருத்தக் கூடாது. கடிகாரம் சொன்னதும் பாதியில் நிறுத்த வேண்டும். முதல் நான்கைந்து நாள் பிள்ளை பம்பரத்தைத் தூக்கி எறியும், “இது முட்டாள் விளையாட்டு” என்று சொல்லும். எதிர்பார்த்ததுதான், நிறுத்தாதீர்கள். சில பெற்றோர் இதற்கு மனக்கணக்குப் போட்டியையோ புதிய கணினி மொழியையோ தேர்ந்தெடுக்கிறார்கள். அது பயிற்சியின் உயிரையே எடுத்துவிடுகிறது. மதிப்பெண்ணே இல்லாத ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறாம் வாரம் நட்பும் உடன்பிறப்பும். புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எல்லாத் தேவைக்கும் ஒரே நண்பனைத் தேடாதீர்கள். பந்தடிக்க ஒத்த வயதுக்காரன், சதுரங்கத்துக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா, நட்சத்திரம் பேச இடைநிலைப்பள்ளி அண்ணன். ஏழாம் வாரம் துக்கமும் பெரிய கேள்விகளும். கவுன்சலர் தனியாக நடத்துகிறார், அமைதியாக, அவசரமில்லாமல். நன்றாக இருந்தது.

எட்டாம் வாரத்தில் பள்ளியையும் பெரியவர்களையும் ஒன்றாகத் திணித்திருக்கிறார்கள். இது பெரிய பிழை.

பள்ளிப் பகுதியில் கிடைக்கும் கடித மாதிரி பயனுள்ளது. ஒரே பக்கம், வகுப்பாசிரியருக்கு முதலில், பிறகுதான் துணைத் தலைமையாசிரியருக்கு. மீத்திறன் என்ற சொல்லே அதில் வராது, பிள்ளை செய்த மூன்று காரியங்கள் மட்டும் இருக்கும். கேட்பது ஒன்றே ஒன்று: பாடம் தொடங்கும் முன்பே அதன் இறுதிப் பயிற்சியைக் கொடுத்துப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தால் அந்த நேரத்தில் வேறு வேலை கொடுங்கள். ஆசிரியருக்குக் கூடுதல் சுமை அதிகம் இல்லை, அதனால் ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு.

வகுப்புத் தாண்டுவது பற்றிக் கேட்பவர்களுக்கு வரலாற்றைச் சொல்கிறார்கள். 1996இல் தொடங்கிய முதல்நிலை மதிப்பீட்டின்படி மூன்றாம் ஆண்டிலிருந்து நேரே ஐந்துக்குப் போன பிள்ளைகள் உண்டு. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மலாய்மொழி பிடிபடாமல், முதலாம் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார நேர்ந்த கூர்மையான பிள்ளை, தான் முட்டாள் என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை உடைக்க வீட்டில் என்ன பேசுவது என்று வட்டம் சொல்லித் தர வேண்டும். இப்போது சொல்வதில்லை.

சோதனை விவரமும் மேலோட்டம்தான். பாங்கியில் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் பெர்மாத்தா பின்தார் என்ற பெயரில் 2009இல் தொடங்கி, இன்று ஜீனியஸ் பின்தார் நெகாரா என்று வழங்கும் மையத்தின் யூகேஎம்1, யூகேஎம்2 தேர்வுகளைக் குறிப்பிடுகிறார்கள். அதன் கல்லூரி விடுதியோடு கூடியது. இடம் கிடைத்தால் பிள்ளை வீட்டை விட்டுப் போக வேண்டும், மன வயதுக் கட்டம் அதற்குத் தயாரா என்று பார்க்கச் சொல்வது நல்ல அறிவுரை. தனியார் உளவியலாளரிடம் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனை எடுப்பவர்கள் மொத்த எண்ணை மட்டும் வாங்கி வரக் கூடாது. 100 சராசரி, 130க்கு மேல் ஏறக்குறைய 2 விழுக்காட்டினர் என்பது சரிதான். ஆனால் ஐந்தாம் பதிப்பில் ஐந்து தனித்தனிக் குறியீடுகள் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்தால் சொல்லாற்றல் குறியீடு உண்மையைவிடக் கீழே விழும், மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். எண் குறைந்தால் உடைந்து போகவும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் டெர்மன் 1921இல் மீத்திறன் பிள்ளைகளைத் தேடியபோது அவருடைய வரம்புக்குள் வராமல் போன ஷாக்லியும் அல்வாரெஸும் பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்றார்கள்.

பெரியவர்களுக்குக் கிடைப்பது கடைசி இருபது நிமிடம். ஏழு வாரமாகப் பிள்ளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா அம்மா பலருக்கு அது தம்முடைய கதை என்று அதற்குள் புரிந்துவிட்டிருக்கும். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, பழுதான எந்த இயந்திரத்தையும் பிரித்து மாட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் எல்லாம் கற்று முடித்துச் சலித்து, வேலை மாற்றி மாற்றி, நிலையில்லாதவர் என்று பெயர் எடுத்தவர். பிறர் துன்பத்தைக் கேட்டால் இரவு தூங்காத அம்மா. இவர்களுக்குத் தேவை தம் வேகத்தில் பேச ஓர் ஆள், சலிப்பைக் குற்றமாகப் பார்க்காத ஒரு கண், வீட்டுக்கும் வேலைக்கும் வெளியே தமக்கென்று மனம் தோய ஒரு வேலை. அந்தப் பேச்சு சூடு பிடிக்கும்போது மணி ஆறு ஆகிவிடுகிறது. இதற்கு மட்டும் குறைந்தது இரண்டு மாலைகள் தனியாக வேண்டும். நடத்துபவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தன்னைப் புரிந்துகொண்ட அப்பா, பிள்ளையின் கோபத்தை வேறு மாதிரிப் பார்க்கிறார்.

இடத்தைப் பற்றி. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் ஒரு தொண்டர் பார்த்துக்கொள்கிறார், சதுரங்கமும் புத்தகங்களும் உண்டு. ஆனால் நடுவில் இருப்பது வெறும் ஒட்டுப்பலகைத் தடுப்பு. “இவனால வீட்டுல நிம்மதியே இல்ல” என்று ஒரு தாய் இங்கே சொன்னால் அங்கே கேட்கும், கேட்கும் பிள்ளையோ எதையும் மறக்காத பிள்ளை. தடுப்பை மாற்றும்வரை பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருவது நல்லது. எல்பில், ஹீவூட், டவன்பி தோட்டங்கள் பக்கம் இருந்து வருபவர்கள் பேருந்தை நம்ப முடியாது; பகிர்ந்து வர ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது, பதியும்போதே கேளுங்கள். மாடிப்படி செங்குத்து, முதியோருக்குச் சிரமம்.

கட்டணம் நியாயமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கிய மக்களின் ஊர் இது. 15 வெள்ளியை வாரம் கட்டுவது இங்கே பழகிய முறைதான். ஒரு வாரம் தவறினால் அந்தப் பணத்தை வாங்குவதில்லை. ஆனால் முதல் வாரமும் நான்காம் வாரமும் தவறினால் மற்றவை புரியாது. அந்த இரண்டுக்கும் எப்படியாவது போய்விடுங்கள்.

ஒரு சுற்றுக்கு 10 குடும்பங்கள். போகும்போது பிள்ளையின் தேர்வு அட்டை வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், கடந்த மாதம் பிள்ளை கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியும் எடுத்துப் போங்கள். முதல் நாள் பேச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.